அமெரிக்கப் புதைவண்டும் அமெரிக்க ராபினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வண்டையும் ஒரு பறவையையும் எதற்கு ஒப்பிட வேண்டும்?

இரண்டும் ஒரே கண்டத்தில், பல இடங்களில் ஒரே புல்வெளியில் வாழ்ந்தவை. ஒன்று இன்று அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, மற்றொன்று வீட்டுக்கு வீடு முற்றத்தில் மண்புழு இழுத்துக்கொண்டிருக்கிறது. வண்டு ஏன் அரிதானது என்று கேட்டால் "காட்டை வெட்டிவிட்டார்கள், பூச்சிமருந்து அடித்துவிட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் பக்கத்தில் ராபினை நிறுத்திவைத்துப் பார்த்தால் அந்தப் பதில் போதாது என்பது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அதே வெட்டலையும் அதே மருந்தையும் ராபினும் பார்த்திருக்கிறது. தவிர, இந்த வண்டின் வாழ்க்கையே பறவைகளின் சாவை நம்பித்தான் ஓடுகிறது, அதனால் ஒன்றைப் பேசாமல் மற்றதைப் பேச முடியாது.

இரண்டும் எப்படி இருக்கும்?

ராபின் கிட்டத்தட்ட நம்மூர் மைனா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகு சாம்பல், தலை கருமை, நெஞ்சு செங்கல் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில். எடை சுமார் 77 கிராம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

புதைவண்டு பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர் நீளம், சில அதையும் தாண்டும். வட அமெரிக்காவில் இந்த இனத்தொகுதியில் இதுதான் மிகப் பெரியது. பளபளக்கும் கறுப்பு உடம்பு, மேலே மூடியிருக்கும் கடினமான முன்சிறகுகளில் நான்கு ஆரஞ்சுத் திட்டுகள், உணர்கொம்பின் நுனிகளிலும் ஆரஞ்சு. அடையாளம் பிடிக்க இவற்றையெல்லாம் பார்க்காதீர்கள், இதன் சொந்தக்கார வண்டுகள் பலவற்றுக்கும் திட்டுகள் உண்டு. தலைக்கும் சிறகுக்கும் இடையில் கேடயம் போல ஒரு வட்டப்பகுதி இருக்கும், அதன் நடுவில் பெரிய ஆரஞ்சுப் பொட்டு இருந்தால் இதுதான். முகத்தை உற்றுப் பார்த்தால் ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடலாம்: நெற்றிக்குக் கீழே உள்ள ஆரஞ்சு அடையாளம் ஆணுக்குச் செவ்வகம், பெண்ணுக்குச் சிறிய முக்கோணம்.

இது சாணி உருட்டும் வண்டுதானே?

இல்லை. உருண்டை செய்வதில் மட்டும்தான் ஒற்றுமை. அது சாணத்தை உருட்டுகிறது, இது செத்த உடலைப் புதைக்கிறது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள்.

எவ்வளவு அரிது, எவ்வளவு சாதாரணம்?

ராபினின் எண்ணிக்கை சுமார் 37 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை, காட்டிலும் ஊரிலும், கார் நிறுத்துமிடத்து மரத்திலும் கூடு கட்டும். மிச்சிகன், கனெக்டிகட், விஸ்கான்சின் என்று மூன்று மாநிலங்களுக்கு இதுதான் மாநிலப் பறவை.

வண்டின் கதை நேர் எதிர். ஒரு காலத்தில் 35 அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா பகுதிகளிலும் இருந்தது. 1989ல் இதை அழியும் நிலையிலுள்ள உயிராக அறிவித்தபோது, இருப்பதாகத் தெரிந்தவை இரண்டே இடங்கள்: ரோட் தீவு மாநிலக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் பிளாக் தீவு, அப்புறம் ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதி. கண்டத்தின் கிழக்குப் பாதி முழுவதும் பரவியிருந்த ஒரு உயிர், அதன் இரண்டு ஓரங்களில் மட்டும் மிஞ்சியது. பிறகு ஆட்கள் தேடித்தேடிப் பொறி வைத்ததில் நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, கன்சாஸ், ஆர்கன்சா ஆகிய மாநிலங்களிலும் கிடைத்தது. இருந்தாலும் பழைய பரப்பில் பெரும்பகுதி காலியாகத்தான் கிடக்கிறது.

ஒரு இரவில் இந்த வண்டு அப்படி என்னதான் செய்கிறது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால்தான் மற்ற பதில்களும் புரியும்.

கோடைக்கால இரவு, வெப்பம் 15 டிகிரிக்கு மேல். எங்கோ ஒரு காடைக்குஞ்சோ புறாக்குஞ்சோ செத்துக் கிடக்கிறது. அழுகல் வாடை நம் மூக்குக்கு எட்டுவதற்கு வெகு முன்பே வண்டின் உணர்கொம்புக்கு எட்டிவிடும், அதுவும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்தாலும். பறந்து வருகிறது. ஒன்று மட்டும் வராது, பல வரும், கூடவே சின்ன இனத்துப் புதைவண்டுகளும் வரும். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சண்டை போடும். பொதுவாகப் பெரிய உடம்புக்கே வெற்றி. கடைசியில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் நிற்கும்.

அதன் பிறகு வேலை. மண் கல்லாக இருந்தால் அங்கே புதைக்க முடியாது, அதனால் இரண்டும் உடலுக்கு அடியில் புகுந்து, மல்லாக்கப் படுத்து, கால்களால் மேலே உந்தி உந்தி அதை நகர்த்தும். தன் எடையைப் போலச் சுமார் நூறு மடங்கு கனமான ஒன்றை, இருட்டில், முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்த்துகிறது. இளகிய மண் கிடைத்ததும் அடியிலிருந்து மண்ணைத் தள்ளத் தள்ள உடல் மெல்லக் கீழே இறங்கும், பொழுது விடிவதற்குள் தரைக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஈ வந்து முட்டை வைப்பதற்கும் மற்ற மிருகங்கள் மோப்பம் பிடிப்பதற்கும் முன்னால் இது முடிந்தாக வேண்டும்.

மண்ணுக்குள் போனதும் இறகையோ மயிரையோ முழுவதும் பிடுங்கிவிட்டு, சதையை ஒரு உருண்டையாக ஆக்கும். வாயிலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் சுரக்கும் திரவத்தை அதன்மேல் பூசும். கிருமிகளைத் தடுக்கும் தன்மை அந்தத் திரவத்துக்கு உண்டு, அழுகல் மட்டுப்படும். வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சவாரி வரும் குட்டிச் சிற்றுண்ணிகள் இறங்கி, ஈ முட்டை ஏதாவது ஒட்டியிருந்தால் தின்றுவிடும். வண்டுக்குச் சுத்தம், சிற்றுண்ணிக்குச் சாப்பாடும் பயணமும்.

பறவை போல வண்டும் பிள்ளை வளர்க்குமா?

வளர்க்கும், அப்பாவும் அம்மாவுமாகச் சேர்ந்து. இந்த வண்டைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். பூச்சிகளில் பெரும்பாலானவை முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், இது இருந்து பார்த்துக்கொள்ளும்.

பெண் வண்டு சதை உருண்டைக்குப் பக்கத்து மண்ணில் முட்டையிடும். நான்கு நாளில் பொரித்துவிடும். புழுக்கள் ஊர்ந்து உருண்டையின் மேலுள்ள குழிக்கு வந்து சேரும். தாயோ தகப்பனோ கிட்டே வந்தால் முன்னுடம்பைத் தூக்கி, குட்டிக் கால்களை ஆட்டி ஆட்டிக் கேட்கும். பெரியது தான் தின்று பாதி செரித்ததை வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். ராபின் கூட்டில் குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து கத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று மரத்தில், ஒன்று மண்ணுக்குள், அவ்வளவுதான். பசிக்கிற பிள்ளை கேட்பதும் பெற்றது கொடுப்பதும் இரண்டு தனித்தனி வழிகளில் உருவாகி வந்து ஒரே மாதிரி முடிந்திருக்கிறது.

ராபின் பக்கம் எப்படி என்றால், சேறும் புல்லும் குழைத்துக் கிண்ணம் போல ஒரு கூடு, வேலையில் பெரும்பங்கு பெண்ணுக்கு. நீல நிறத்தில் மூன்று முதல் ஐந்து முட்டை. அடைகாப்பதும் பெண், 12 முதல் 14 நாள். பொரித்த பிறகு இரண்டும் இரை கொண்டுவரும், குஞ்சின் எச்சத்தை இரண்டும் அள்ளிக்கொண்டு போய் வெளியே போடும். இரண்டு வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும், அப்போது தகப்பன் அதற்குத் தீனி கொடுத்துக்கொண்டு திரிய, தாய் அடுத்த ஈட்டுக்குக் கூடு தேடப் போய்விடும். ஒரு வருடத்தில் இரண்டு ஈடு, சில சமயம் மூன்று.

புழுக்கள் ஓரிரு வாரத்தில் உருண்டையைத் தின்று முடித்து, பக்கத்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். சுமார் ஒன்றரை இரண்டு மாதத்தில் வண்டாக வெளியே வரும். குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்து, அடுத்த கோடையில் ஒரு முறை பிள்ளை பெற்று, அந்த வருடத்தோடு முடிந்துவிடும். ஆயுளே ஒரு வருடம்தான். ராபினில் 13 வயதைத் தாண்டிய பறவையெல்லாம் பதிவாகியிருக்கிறது.

பெற்ற புழுவையே தின்றுவிடும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. புதைவண்டுகளில் இது உண்டு. உருண்டை சிறியதாக இருந்து புழுக்கள் அதிகமாக இருந்தால் பெற்றவை சிலவற்றைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் அரைவயிறு கொடுத்து எல்லாமே நோஞ்சானாவதைவிட, இருக்கிற தீனிக்கு ஏற்ற அளவு பிள்ளைகள் நன்றாக வளர்வது நடக்கிறது. இதைக் கொடூரம் என்று சொல்லி வண்டை வெறுப்பவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் ராபின் கூடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடுதான் குஞ்சை வெற்றிகரமாக வெளியே அனுப்புகின்றன, அப்படி வெளியே வந்த குஞ்சுகளிலும் கால்வாசிதான் நவம்பர் வரை உயிரோடு இருக்கின்றன. கணக்கு இரண்டு இடத்திலும் கடுமையானதுதான், ஒரு இடத்தில் கணக்கைப் போடுவது பெற்றோர், இன்னொரு இடத்தில் பூனையும் காகமும் குளிரும்.

நல்ல பெற்றோர், நன்றாகப் பறக்கும், சண்டையிலும் ஜெயிக்கும். அப்புறம் ஏன் அழிந்தது?

ஒரே ஒரு தேவை காரணம். சரியான எடையுள்ள செத்த உடல் வேண்டும்.

தான் தின்பதற்கு எந்த அழுகலும் போதும், ஆனால் பிள்ளை வளர்க்க சுமார் 80 முதல் 200 கிராம் வரையுள்ள உடல்தான் இதற்கு ஏற்றது. செத்த சுண்டெலி இருபது முப்பது கிராம், அதில் இவ்வளவு பெரிய வண்டின் பிள்ளைகளை வளர்த்தெடுக்க முடியாது. முயல் பெரியது, புதைக்க முடியாது. நடுவில் இருப்பவை காடை, புறாக்குஞ்சு, காட்டுக்கோழிக்குஞ்சு, அணில்வகைகள் போன்றவை. இதன் உறவுக்கார வண்டுகள் பல இன்றும் ஏராளமாக இருப்பதற்குக் காரணம் அவை சிறியவை, செத்த எலியே அவற்றுக்குப் போதும், எலிக்கு என்றும் பஞ்சம் வந்ததில்லை. எந்தப் பெரிய உடம்பு சண்டையில் ஜெயிக்க உதவியதோ அதுவே பெரிய உணவைக் கேட்டது.

இப்போது 19ம் நூற்றாண்டின் கடைசியில் என்ன நடந்தது என்று பாருங்கள். பயணிப்புறா என்று ஒரு பறவை, 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்ததாகச் சொல்வார்கள், கூட்டமாக ஒரே காட்டில் கூடு கட்டும், அங்கே கீழே விழுந்து சாகும் குஞ்சுகளுக்குக் கணக்கே இருந்திருக்காது. சுட்டும் வலைபோட்டும் பிடித்துத் தீர்த்தார்கள். கடைசிப் பறவை மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. புல்வெளிக்கோழிகளும் காடைகளும் பல இடங்களில் குறைந்தன. அதாவது மண்ணுக்கு மேலிருந்த சரியான அளவு உணவு சட்டென்று சுருங்கியது.

இதோடு விடவில்லை. ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கிழக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஒழித்துவிட்டார்கள். அவற்றுக்குப் பயந்து அடங்கியிருந்த ரக்கூன், ஸ்கங்க், ஒபாசம், நரி போன்ற சின்ன மிருகங்கள் எல்லாம் பெருகின. காடு துண்டு துண்டாக வெட்டுப்பட்டதில் ஓரங்கள் அதிகமாயின, அந்த ஓரங்கள்தான் இவற்றுக்கு நடமாடும் வழி. காகமும் பெருகியது. இவை எல்லாமே செத்த குஞ்சைக் கண்டதும் தூக்கிக்கொண்டு போகிறவை. உணவும் குறைந்தது, பங்காளிகளும் கூடிவிட்டார்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான், எனக்கும் இதுவே பொருந்துவதாகத் தெரிகிறது.

ராபின் மட்டும் எப்படித் தப்பித்தது?

தப்பித்தது என்பதைவிட, மனிதன் செய்தது அதற்குச் சாதகமாக அமைந்துவிட்டது. ராபினுக்கு வேண்டியது கட்டையாக வெட்டிய புல், அதற்குக் கீழே மண்புழு, பக்கத்தில் பழம் காய்க்கும் மரம், கூடு கட்ட ஒரு கிளையோ ஜன்னல் மேல்விளிம்போ. அமெரிக்கப் புறநகர் வீடு என்றால் இதுதான். இன்னொரு விஷயமும் உண்டு: பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த வடக்குப் பகுதிகளில் பூர்வீக மண்புழுவே கிடையாது, இன்று அங்கே ராபின் இழுத்துத் தின்பது ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்து சேர்ந்த மண்புழு. புல்தரையும் மனிதன் போட்டது, புழுவும் மனிதன் கொண்டுவந்தது.

அந்தப் புல்தரையில் வண்டுக்கு ஒன்றும் இல்லை. இறுகிப்போன மண், இரவெல்லாம் விளக்கு, குப்பைத்தொட்டியைச் சுற்றி ரக்கூன். விளக்கு விஷயத்திலேயே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்: தெருவிளக்கு அதிகமுள்ள இடங்களில் ராபின் விடிவதற்கு வெகு நேரம் முன்பே பாடத் தொடங்கிவிடும், அதோடு சமாளித்துக்கொள்ளும். இரவில் பறந்து வாடையைத் தேடும் வண்டு அதே விளக்கைச் சுற்றித் தன் இரவை வீணாக்கும்.

டிடிடி என்ற பூச்சிமருந்துதான் காரணம் என்று படித்தேனே?

வண்டுக்கு அது முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. கிழக்குப் பகுதிகளில் வண்டு 1920களுக்குள்ளேயே பெரும்பாலும் மறைந்துவிட்டது, டிடிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததோ இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. காலம் பொருந்தவில்லை.

டிடிடியில் அடிவாங்கியது ராபின்தான். 1950களில் எல்ம் மரங்களுக்கு வந்த நோயைத் தடுக்க மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் மருந்து அடித்தார்கள். இலை உதிர்ந்தது, அதை மண்புழு தின்றது, மண்புழுவை ராபின் தின்றது, வசந்தத்தில் புல்தரையில் துடித்துத் துடித்துச் செத்தன. அங்கே பறவையியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் வாலஸ் இதைப் பதிவு செய்தார். 1972ல் டிடிடி பயன்பாட்டுக்கு அமெரிக்கா தடை விதித்ததற்கு வழி திறந்த சாட்சியங்களில் இந்தச் செத்த ராபின்களும் சேர்த்தி. ஜன்னல் வழியே எல்லோரும் பார்க்கிற பறவை என்பதால்தான் அது ஊருக்கே தெரிந்தது. அதற்கு முப்பது நாற்பது வருடம் முன்னால் மண்ணுக்கடியில் ஒரு வண்டு கண்டத்தின் பாதியிலிருந்து காணாமல் போனபோது கேட்க ஆளில்லை. இந்த வித்தியாசம் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது.

செத்த ராபினை இந்த வண்டு புதைக்குமா?

முன்னால் சொன்ன 77 கிராம் நினைவிருக்கிறதா? வண்டுக்கு ஏற்ற எடையின் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வளர்ந்த ராபின் ஒன்று சரியான இடத்தில் சரியான இரவில் செத்தால் ஒரு வண்டுக் குடும்பத்துக்கு ஓரளவு ஆகும், கிடைக்கிற இடத்தில் இருந்தால். ஆனால் ராபின் சாகிற இடம் பெரும்பாலும் ஊர்; ஊரில் பூனையும் ரக்கூனும் காகமும் முந்திக்கொள்ளும். கோடிக்கணக்கில் ராபின் இருந்தும் வண்டுக்குப் பயன் சொற்பமாக இருப்பது இதனால்தான்.

பிளாக் தீவில் மட்டும் எப்படிப் பிழைத்திருக்கிறது?

அந்தத் தீவில் ரக்கூன் இல்லை, ஸ்கங்க் இல்லை, ஒபாசம் இல்லை, நரியும் இல்லை. வேட்டைக்காக மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஃபெசன்ட் என்ற கோழிவகை அங்கே நிறைய இருக்கிறது, அதன் குஞ்சுகள் வண்டுக்கு அளவெடுத்தது போன்ற எடை. ஆக, போட்டி இல்லை, உணவு உண்டு. மேலே சொன்ன விளக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கவனியுங்கள், அந்தக் கோழி ஆசியாவிலிருந்து வந்த அந்நியப் பறவை. ராபினுக்கு ஐரோப்பிய மண்புழு போல இந்த வண்டுக்கு ஆசியக் கோழி கைகொடுத்திருக்கிறது.

ராபின் பாடும், வண்டு சும்மா இருக்குமா?

சத்தம் போடும். வயிற்றின் மேலுள்ள வரிகளை முன்சிறகின் அடிப்பக்கத்தில் உரசி கிறீச்சென்று ஒலி எழுப்பும், கையில் பிடித்தால் நன்றாகக் கேட்கும். பாட்டு என்று சொல்ல மாட்டேன்.

திரும்பவும் கொண்டுவந்து விட்டார்களே, என்ன ஆயிற்று?

சில இடத்தில் பலன், சில இடத்தில் இல்லை. முதலில் 1990களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் பக்கம் பெனிகீஸ் என்ற சின்னத் தீவில் விட்டார்கள், நிலைக்கவில்லை. 1994லிருந்து நாந்துக்கெட் தீவில் விட்டார்கள், ரோட் தீவு மாநிலத்து ரோஜர் வில்லியம்ஸ் விலங்கியல் பூங்கா வண்டுகளை வளர்த்துக் கொடுத்தது. முறை எளிமையானது: மண்ணில் குழி, அதில் ஒரு செத்த காடை, அதன்மேல் ஒரு ஆண் ஒரு பெண், மூடிவிட வேண்டும். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் புழுக்கள். அங்கே பல வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது, ஆனால் காடை கொடுக்கும் மனிதக் கையை நம்பித்தான். 2012ல் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்கா மிசூரியின் வாகோன்-டா புல்வெளியில் விடத் தொடங்கியது, அங்கே குளிர்காலம் தாண்டிப் பெருகியது.

என் கருத்து: வண்டு வளர்ப்பது சுலபமான பாதி. விட்ட இடத்தில் வருடா வருடம் காடையும் கோழியும் தானாகப் பிறந்து தானாகச் சாகும் நிலம் இருக்கிறதா என்பதுதான் கடினமான பாதி. அது இல்லாத இடத்தில் எத்தனை ஜோடி விட்டாலும் அது தோட்டத்துக்குத் தண்ணீர் லாரி வைத்து ஊற்றுவது போலத்தான், லாரி நின்றால் காய்ந்துவிடும்.

2020ல் பாதுகாப்பைக் குறைத்துவிட்டார்களாமே?

2015ல் எண்ணெய்த் தொழில் அமைப்பு உட்படச் சிலர் வண்டைப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறு தோண்டவும் குழாய் பதிக்கவும் முன்னால் அங்கே வண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது, அதனால் வந்த எரிச்சல். 2020ல் முழுவதும் நீக்காமல், "அழியும் நிலை" என்பதிலிருந்து "அச்சுறுத்தலுக்கு உள்ளானது" என்று ஒரு படி இறக்கினார்கள்.

1989ல் தெரிந்ததைவிட அதிக இடங்களில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதே அரசு மதிப்பீடே ஓக்லஹோமா, ஆர்கன்சா பக்கத்துத் தெற்கு வண்டுகள் கோடை வெப்பம் ஏறஏறத் தாங்காது என்று எச்சரிக்கிறது. ஆபத்து குறைந்துவிட்டது என்று சொல்லிப் பாதுகாப்பைத் தளர்த்திவிட்டு, அதே மூச்சில் வரப்போகும் ஆபத்தையும் எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு படி இறக்கியது அவசரம் என்றே நினைக்கிறேன்.

37 கோடி இருக்கும் ராபினுக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு?

19ம் நூற்றாண்டில் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் ராபினைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுச் சமைத்தார்கள், சந்தையில் விற்றார்கள். 1918ல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அதை நிறுத்தியது. இன்றும் ராபினைக் கொல்வதோ கூட்டையும் முட்டையையும் எடுப்பதோ குற்றம். பயணிப்புறாவின் எண்ணிக்கை ராபினைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2019ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்றது, அந்த இழப்பில் பெரும்பகுதி நாம் சாதாரணம் என்று நினைக்கும் பறவைகளில்தான். ராபின் அதில் தாக்குப்பிடித்த கூட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டைப் பொறுத்தவரை, கடைசி ஒரு பறவை செத்தால்தான் பாதிப்பு என்பதில்லை. நடுத்தர அளவுப் பறவைகள் பாதியாகக் குறைந்தாலே சரியான இரவில் சரியான உடல் கிடைக்கும் வாய்ப்பு போய்விடும். அரிய வண்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் காடை போன்ற சாதாரணப் பறவை ஏராளமாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

நம்ம ஊரில் இவற்றின் சொந்தக்காரர்கள் உண்டா?

ராபினுக்கு உண்டு. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் காலையில் இனிமையாகப் பாடும் கருநிறப் பூங்குருவி, ராபினின் பேரினமான டர்டஸைச் சேர்ந்ததுதான். மஞ்சள் அலகு, அடர்ந்த உடம்பு, தரையில் தத்தித் தத்தி இரை தேடும் விதம் எல்லாமே ராபினை நினைவூட்டும். புதைவண்டுப் பேரினத்தில் ஒன்று இமயமலைப் பக்கம் இருக்கிறது, அது நேபாளத்திலிருந்து தைவான் வரை பரவியது.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். வண்டைப் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் நெஞ்சுக்கேடயத்தில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தொடாமல் மேலிருந்து ஒரு படம், முகம் தெரிய ஒரு படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து மாநில வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், அனுமதி இல்லாமல் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆய்வாளர்கள் கிண்ணப் பொறியில் பிடிக்கும்போதே காலையில் வெயில் ஏறும் முன் விட்டுவிடுகிறார்கள், வெயிலில் கிடந்தால் உடம்பு காய்ந்து செத்துவிடும்.

வண்டு இருக்கும் மாவட்டங்களில் வசிப்பவர் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவையில்லாத வெளிவிளக்கை இரவில் அணைத்து வையுங்கள், பூனையை இரவில் வீட்டுக்குள் வையுங்கள், குப்பைத்தொட்டியை இறுக்கி மூடுங்கள். வேலியோரம் செத்த காடையோ புறாவோ கிடந்தால் அள்ளிக் குப்பையில் போடாமல் அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு ராத்திரி போதும்.